நீலம் ஒட்டிய விளிம்பு

அத்தானின் வண்டியில் ஏதாவது ஒரு குறை இருந்துவிட வேண்டும் என்று அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முழுக்க ஏங்கிக்கொண்டிருந்தேன். ஒரு திருகு தளர்ந்திருக்கலாம். ஒரு சக்கரம் மயிரிழை அளவு கோணியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் சரி. பழுது பார்க்க உட்கார்ந்துவிட்டு, பழுது அகப்பட மாட்டேன் என்கிறதே என்று தவித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

வண்டி என்றால் ஏறி ஓட்டுகிற வண்டி இல்லை. முழங்கையில் தொடங்கி விரல் நுனியில் முடிகிற நீளத்துக்கு ஒரு ரிமோட் கார். மேலே பளபளவென்று சிவப்புக் கூடு. கூட்டைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கறுப்பு. அடித்தட்டு, முன்னும் பின்னும் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக்குகளைத் தாங்கி நிற்கும் தகடுகள், எல்லாமே கார்பன் ஃபைபர். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பாய் முடைந்த மாதிரி ஒரு பின்னல் தெரியும். அக்காவைக் கட்டிய இந்த மனிதருக்கு அந்தப் பின்னல் மேல் அப்படி ஒரு ஆசை. வண்டி வாங்கிய புதிதில், பிறந்த குழந்தையைத் துணி விலக்கிக் காட்டுவது போல, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கூட்டைக் கழற்றிக் காட்டினார்.

"இடது பக்கம் இழுக்குது, டாக்டரம்மா. கொஞ்சம் நாடி பிடிச்சுப் பாரு" என்று சொல்லி அதை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

டாக்டரம்மா என்பது கிண்டல்தான். நான் வேலை பார்ப்பது செயற்கைக் கால் செய்யும் பட்டறையில். கார்பன் துணியை அச்சின்மேல் சுற்றி, பிசின் ஊற்றி, காற்றை உறிஞ்சி எடுத்து இறுகவைப்பது என் வேலை. அந்தக் கைப்பழக்கத்தில்தான் அத்தானின் வண்டிக்கும் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன்.

கார்பன் தேய்வது இரும்பு தேய்வது மாதிரி இல்லை. இரும்பு வழவழவென்று தேயும். கார்பன் பிரியும். ஈரம் பட்ட புத்தகத்தின் ஓரம் தாள் தாளாக விரிவது போல, விளிம்பில் அடுக்கு அடுக்காக வாய் திறக்கும். இழைகள் முடி முடியாக எழும்பும். கையுறை போடாமல் தடவினால் சிராய் ஏறிவிடும். கறுப்புச் சிராய், லேசில் கண்ணுக்கு அகப்படாது. இரண்டு நாள் கழித்து வலி வந்துதான் இடத்தைக் காட்டும்.

தேய்ந்து திரும்பி வரும் கால்களைப் பார்த்தால் ஆள் எப்படி நடக்கிறார் என்று எங்கள் பட்டறையில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். பாதத்தின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஒரு மாதிரி, நுனி மட்டும் தேய்ந்திருந்தால் வேறு மாதிரி. வருகிறவர்கள் எல்லாரும் "கால்ல கோளாறு" என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். பாதி நேரம் கோளாறு காலில் இருக்காது. முதுகில் இருக்கும். செருப்பில் இருக்கும். ஒருவருக்கு அவர் வீட்டு மாடிப்படியில் இருந்தது.

அதனால்தான் அத்தானின் அடித்தட்டைக் கழற்றித் திருப்பியபோது, என்னை அறியாமல், இது யார் எப்படி நடந்த தேய்மானம் என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

தட்டின் இடது விளிம்பு பிய்ந்திருந்தது. சில மாதங்களாகவே அங்கேதான் பிய்கிறது. போன தடவை அந்தப் பக்கம் மட்டும் ஒரு கார்பன் பட்டை கூடுதலாக ஒட்டித் தடிமனாக்கிக் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டையும் இப்போது வாய் திறந்திருந்தது. திறந்த வாய்க்குள், கறுப்பு இழைகளுக்கு நடுவே, நீலப் பெயின்ட் துகள்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீலம். எங்கே பார்த்தாலும் நீலம்.

அத்தான் வண்டி ஓட்டுகிற களத்தைச் சொல்ல வேண்டும். மூடிக்கிடக்கும் ஒரு கிடங்கின் பின்புறம், சிமென்ட் தரையில் ஒரு நீள்வட்டப் பாதை. அதன் ஒரு நெடும் பக்கத்தை ஒட்டி மரமேடை. ஓட்டுகிறவர்கள் மேடையில் ரிமோட்டோடு நிற்பார்கள், கீழே வண்டிகள் கடிகார முள் போகிற திசையில் சுற்றும். மேடையிலிருந்து பார்த்தால் இடது முனையில் நீலப் பலகைகள், வலது முனையில் மஞ்சள் பலகைகள். அழகுக்காக இல்லை. களத்துக்காரரிடம் அந்த இரண்டு டப்பாதான் மீந்திருந்தது.

வண்டி உண்மையிலேயே இடது பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முனையும் வரும். இரண்டு முனையிலும் பலகை அதன் இடது கைப் பக்கம்தான். நீலத்தில் இடிக்கிற வண்டி மஞ்சளிலும் இடித்தாக வேண்டும். சுற்றுகிற வண்டிக்கு இடமும் வலமும் அதோடு கூடவே திரும்பிக்கொண்டிருக்கும். மேடையில் நிற்கிறவருக்குத் திரும்பாது.

தட்டில் மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். வண்டியில் குறை இல்லையென்றால் குறை வேறெங்கே என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. அத்தானின் தொழில் டவர் கிரேன் ஓட்டுவது. ஊரில் எழும்பும் உயரமான கட்டடங்களுக்கு மேலே, பறவைக்கூண்டு மாதிரி ஒரு கண்ணாடி அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். இரும்புக் கம்பிக் கட்டுகளைத் தூக்கி, சுழற்றி, ஆட்கள் நிற்கும் தளத்தில் இறக்குவார். தலைக்கு மேலே எதுவோ போகிறது என்று அந்த ஆட்கள் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை.

ஆகவே, வண்டியிலேயே குறை இருக்கட்டும் என்று முதலிலிருந்து தொடங்கினேன்.

நாணயத்தால் தட்டைத் தட்டிக்கொண்டே வந்தேன். அடுக்கு பிரியாத கார்பன் 'டிங்' என்று சொல்லும், உள்ளே பிரிந்தது 'டொக்' என்று சொல்லும். விளிம்பைத் தவிர எல்லா இடமும் 'டிங்'. தட்டைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து மூலைகளை அமுக்கினேன். ஆடவில்லை. முறுக்கு இல்லை. சக்கரங்களுக்குக் குறுக்கே நூல் பிடித்துப் பார்த்தேன். திருகுத் துளைகள் முட்டை வடிவத்துக்கு விரிந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்கு. மறுபடி பூட்டி, குடியிருப்பின் நீண்ட நடைவழியில் கொண்டுபோய் வைத்து, ரிமோட்டில் திசைமாற்றியைத் தொடாமல் விட்டேன். சிவப்புக் கூடு குறி வைத்த மாதிரி நேராகப் போய் லிஃப்ட் கதவருகே நின்றது.

நாங்கள் மூவரும் இருக்கும் வீட்டு வாசலில் அக்கா வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள்.

"நேராத்தானே போகுது?"

"ம்."

"அப்புறம் ஏன்டி மூஞ்சி கோணிக்கிட்டுப் போகுது?"

"ஒண்ணுமில்லக்கா."

"உங்கத்தானுக்கு வண்டி மேல பழி போடலன்னா தூக்கம் வராது. நேத்து டம்ளரத் தட்டி விட்டுட்டு டம்ளர் வழுக்குதுங்கறார். அந்தப் பக்கம் வெச்சா தட்டி விட்டுடறாருன்னு நான் எப்பவும் அவருக்கு இந்தப் பக்கம்தான் வெக்கறது. நேத்து மறந்துட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"இதென்னடி கேள்வி? சோத்தாங்கைப் பக்கம்" என்று சொல்லி, நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டியைத் தூக்கிக் கவிழ்த்து, இடது விளிம்பை மறுபடி பார்த்தேன்.

மறுநாள் காலை அத்தானோடு நானும் களத்துக்குக் கிளம்பினேன். "என்ன அதிசயம், டாக்டரம்மா வீட்டுக்கே வந்து பாக்கறாங்க" என்றார். இருவரும் நடந்தே போனோம். தெருவில் என்னை எப்போதும் தன் இடது பக்கம் நடக்கச் சொல்வார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் எதிலும் இடிக்காமல் இருக்க என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

களத்துக்காரர் கையில் ஒலிபெருக்கி வைத்திருப்பார். அரை டஜன் வண்டிதான் ஓடும், என்றாலும் உலகக் கோப்பைக்கு வர்ணனை சொல்வதாக நினைப்பு.

"கிரேன்காரர் வர்றார்… கிரேன்காரர் வேகமா வர்றார்… இதோ, என் நீலப் பலகைக்கு முத்தம் குடுத்துட்டார்! யோவ், அந்தப் பலகைய உனக்கே கட்டி வெச்சுடட்டுமாய்யா?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். நான் வண்டியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குத் தப்பியவன் கடைசி நொடியில் தடுமாறுவான். விரல் பதறும், தோள் உயரும், ஒரு "ஐயோ" வரும். அத்தானுக்கு எதுவும் வரவில்லை. வண்டி நீலப் பலகையை நெருங்கியபோது, திறந்த வெளியில் போகிற வண்டியைப் பார்ப்பது போல அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்ட பிறகுதான் முகம் மாறியது. மஞ்சள் முனையில் அப்படி இல்லை. அங்கே ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, வெண்ணெயில் கத்தி போவது மாதிரி வளைத்தார். வலது பக்கத்தில் அவரை அடிக்க அந்தக் களத்தில் ஆளே இல்லை.

"ஒரு தரம் நான் ஓட்டவா, அத்தான்?"

"மோதினா நீதான் ஒட்டித் தரணும், பாத்துக்கோ" என்று ரிமோட்டைக் கொடுத்தார்.

நான் நல்ல ஓட்டுநர் இல்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன். நீலமும் தாண்டியது, மஞ்சளும் தாண்டியது, மறுபடி நீலமும் தாண்டியது. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஒலிபெருக்கி சொன்னது: "பாருய்யா! மச்சினிச்சி கையில வண்டி எவ்வளவு அடக்கமா போகுது பாரு!"

அத்தான் அதற்கும் சிரித்தார். ஆனால் ரிமோட்டைத் திருப்பி வாங்கும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் வண்டியை என் மேசையில் பிரித்தேன். பின்கட்டுப் பால்கனியில் கிடக்கிறது அந்த மேசை. பக்கத்தில் துணி உலர்த்தும் கொடி, தண்ணீர் வாளி. கார்பனை உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூள் நுரையீரலுக்குள் போய்விடும், மோட்டாருக்குள் போனால் மின்சாரம் குறுக்கே பாயும். அதனால் தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். முகமூடியை எடுத்து மாட்டப் போனேன். மாட்டவில்லை. மாட்டிக்கொண்டால் பேசாமல் இருந்துவிடுவேன் என்று தோன்றியது.

அத்தான் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "என்ன கண்டுபிடிச்ச?"

"வண்டியில குறை இல்ல, அத்தான்."

"நல்லாப் பாத்தியா? ஷாக்குல எண்ணெய் கசியுதோ என்னவோ."

"பாத்துட்டேன்."

"அப்ப ரிமோட்டா இருக்கும். பேட்டரி."

மேசை இழுப்பறையைத் திறந்து பழைய தட்டுகளை எடுத்தேன். ஓர் அளவுக்குமேல் பழுதுபார்க்க முடியாமல் போனவை, புதிது மாற்றியபோது கழற்றிப் போட்டவை. கார்பனைத் தூக்கிப் போட மனசு வராது எனக்கு, சின்னத் துண்டு என்றாலும் எதற்காவது ஆகும். அவற்றை வரிசையாக அவர்முன் வைத்தேன். மிகப் பழையதின் விளிம்பில் இரண்டு நிறமும் இருந்தன, கொஞ்சம் கொஞ்சம். அடுத்ததில் மஞ்சள் குறைந்திருந்தது. இப்போதையதில் நீலம் மட்டும்.

"இது நீலப் பலகை. இது மஞ்சள். மேடையில நிக்கும்போது நீலம் உங்களுக்கு எந்தப் பக்கம்?"

அவர் ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி இழுத்தா ரெண்டுலயும் இடிக்கணும். இழுக்கறது வண்டி இல்ல. அத்தான், ஒரு தடவ கண்ணக் காட்டிட்டு வந்துடலாம்."

"கண்ணா?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வருஷா வருஷம் கம்பெனியில கண்ணு பாக்கறாங்க. சுவத்துல இருக்கற எழுத்துல கடைசி வரி வரைக்கும் படிச்சேன். பொடி எழுத்து. உன்னால முடியுமா?"

"நேரா இருக்கறத நல்லாத்தான் படிப்பீங்க. ஓரத்துல—"

"டாக்டரம்மான்னு கூப்பிட்டா டாக்டர் ஆயிடுவியா நீ? பொய்க்கால் ஒட்டற ஆளு. பெயின்ட்ட வெச்சு எனக்குக் கண்ணு போச்சுங்கற. நாளைக்கு நான் ஏறலன்னா என்ன ஆகும் தெரியுமா? ஒரு தடவ கண்ணுன்னு வாயெடுத்தா அதோட இறக்கிடுவாங்க. மறுபடி ஏத்த மாட்டாங்க. இந்த வயசுல நான் எங்க போய் நிக்கறது? கீழ நின்னு மண்ணு தள்ளவா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தக் கண்ணாடி அறையைப் பற்றி அவர் பேசிக் கேட்டிருக்கிறேன். மழை மேகம் கீழே போகுமாம். விடியற்காலையில் ஊர் முழுக்கத் தூங்கும்போது தான் மட்டும் சூரியனைப் பார்த்துவிடுவாராம். 'உங்களுக்கெல்லாம் பழைய வெயில்தான் வரும், புது வெயில் எனக்கு' என்பார்.

தையல் மிஷின் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அக்கா எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் டீ டம்ளரோடு வந்தாள். வழக்கம்போல் அவருக்கு வலது பக்கம் போகவில்லை. எனக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு மறுபுறம் வந்தாள். மேசையின் அந்த ஓரத்தில் தைக்க வெட்டிய சீருடைத் துணி மடித்துக் கிடந்தது. டம்ளரை அதன்மேல் வைத்தாள். துணிமேல் வைத்ததால் சத்தமே இல்லை. வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அதன் விளிம்பைத் தடவினார். நான் கையுறையை நீட்டினேன், வாங்கவில்லை. தட்டைக் கீழே வைத்தார், இன்னொன்றை எடுத்தார். டம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவருடைய இடது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி.

"வாயெல்லாம் வறண்டு போச்சு" என்றார் கடைசியில், அக்காவைப் பார்க்காமல். "ஒரு டீ குடேன்."

அக்கா சுவரை விட்டு நகரவில்லை.

"உன்னத்தான். டீ போடலயா?"

"வெச்சு ரொம்ப நேரமாச்சுங்க" என்றாள் அக்கா.

அவர் மேசையின் வலது பக்கம் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். மெதுவாகத் தலையை மறுபக்கம் திருப்பினார். டம்ளர் தெரிந்த இடத்தில் அவர் தலை நின்றது.

டம்ளரை எடுக்கவில்லை. மறுபடி நேரே பார்த்தார். மறுபடி திருப்பினார். ரிமோட்டில் ஒரு பொத்தானைச் சோதித்துப் பார்க்கிறவர் மாதிரி, நேரே, இடது, நேரே, இடது என்று திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. "நான்தான் இத்தனை நாளும் அந்தப் பக்கமே கொண்டாந்து வெச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

நான் மேசையிலிருந்த தட்டைப் பார்த்தேன். இடது விளிம்பில் நான் ஒட்டிய கூடுதல் பட்டை, எவ்வளவு கச்சிதமாக ஒட்டியிருந்தேன். டம்ளரை நகர்த்தி வைத்தவள் ஒருத்தி, விளிம்பைத் தடிமனாக்கியவள் ஒருத்தி. எல்லாரும் சேர்ந்து அந்த மனிதருக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தோம், ஓட்டை எங்கே என்று பாராமலே.

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அத்தான் பேசினார்.

"போன வாரம் ஒரு கம்பிக் கட்டு சாரத்துல ஒரசிடுச்சு."

அக்கா நிமிர்ந்தாள். "என்கிட்ட சொல்லவே இல்ல."

"சாரத்து மேல ரெண்டு பேரு நின்னாங்க. கீழ கத்தினான். உடனே நிறுத்திட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒருத்தன் மட்டும் அப்படியே ஒக்காந்துட்டான். மேலேர்ந்து பாக்க பொம்மை மாதிரி இருந்தான். கட்டு காத்துல ஆடிடுச்சுன்னாங்க. நானும் காத்துன்னேன்."

'கீழ' என்றால் இடமில்லை, ஓர் ஆள். தரையில் நின்று வாக்கி-டாக்கியில் சைகை சொல்லும் தொழிலாளி. வேலை நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அத்தான் 'மேல', அவர் 'கீழ'. 'மேல, மேல, கேக்குதா?' 'கேக்குது கீழ, சொல்லு.' இப்படியே பல கட்டடம் முடித்தவர்கள். ஒருமுறை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதுகூட, சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு அப்படித்தான் பேசினார்கள். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

"சாரம் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"உனக்குத் தெரியாதா?" என்றார் அத்தான். கோபமில்லை. "கொஞ்ச நாளா கீழ அந்தப் பக்கத்துக்கு மட்டும் ரெண்டு தடவ சொல்றான். 'இடது, மேல, இடது பாத்துக்கோ'ன்னு. என்னடா குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொல்றன்னு திட்டினேன். அவனுக்கும் தெரிஞ்சிருக்கும் போல. தெரிஞ்சிருக்கறது அவனுக்கே தெரியாம."

பிய்ந்த தட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் முகமூடியை மாட்டிக்கொண்டேன். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்தேன். எழும்பி நிற்கும் இழைகளைத் தேய்த்து அடக்கி, திறந்த அடுக்குகளுக்குள் தண்ணீர் மாதிரி இருக்கும் பசையைச் சொட்டவிட்டு, பிடிமானத்தில் இறுக்கினால் ஆயிற்று. விளிம்பு பசையை உறிஞ்சிக்கொண்டு கறுத்து மூடிவிடும். எத்தனையோ முறை செய்த வேலை. பேப்பரை விளிம்பில் வைத்தேன்.

"இரு" என்றார் அத்தான். "தேய்ச்சா நீலம் போயிடுமா?"

"போயிடும்."

"அப்படின்னா விட்டுடு. அத எடுத்துட்டுப் போகணும். டாக்டர்கிட்ட."

"எந்த டாக்டர்கிட்ட?" என்று அக்கா கேட்டாள்.

"நிஜ டாக்டர்கிட்ட" என்றார். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. "நான் போனா கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு வந்துடுவேன். இது அப்படிப் படிக்காது."

தட்டை ஒரு துண்டுச் சீருடைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தேன். சிராய் ஏறாமல் இருக்க இரண்டு சுற்று.

அதை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. மறுமுனையில் ஞாயிற்றுக்கிழமைச் சத்தம், பிள்ளைகள் கூச்சல், பாத்திரம் விழும் ஓசை.

"கீழ, நான்தான்… ஆமா, மேல… ஞாயித்துக்கிழமையும் தொல்லைதான்டா, என்ன பண்றது. கேளு. நாளைக்கு மேல வேற ஆளப் போடச் சொல்லணும்… காய்ச்சலெல்லாம் இல்ல… இல்லடா, நாளைக்கு மட்டும் இல்ல. கண்ணு. டாக்டர் என்ன சொல்றாரோ பாக்கலாம். எப்படி இருந்தாலும் ஏற மாட்டேன்… இஞ்சினியர்கிட்ட நானே காலையில வந்து சொல்றேன். உனக்கு மொதல்ல சொல்லணும்னு தோணிச்சு." துணிப்பொட்டலத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். "இன்னொண்ணு. அந்தச் சாரத்துல நின்ன பையன்… ஒக்காந்துட்டானே, அவன். அவன்கிட்டயும் சொல்லணும். அன்னைக்குக் காத்து இல்லடா."

மறுமுனையில் கூச்சல் நின்றுபோயிருந்தது. கீழ எழுந்து வேறு அறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பிறகு எனக்கும் கேட்கும்படி அந்தக் குரல் வந்தது, வாக்கி-டாக்கியில் சொல்கிற அதே பழக்கத்தில்.

"கேக்குது, மேல. கேக்குது."

அத்தான் போனை வைத்தார். தலையை முழுவதுமாக இடது பக்கம் திருப்பி, டம்ளரைப் பார்த்து, பிறகு கையை நீட்டினார்.

"ஆறிப் போச்சுங்க. வேற போடறேன்" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்" என்றார். அந்த டீயையே குடித்தார்.